விருப்பத்தின் பேரில்

பள்ளிக்கூடம் தருகிற மாற்றுச் சான்றிதழை, எல்லோரும் சொல்கிறபடி சொன்னால் டி.சி.யை, நாம் பெரும்பாலும் பிறந்த தேதிக்காகவும் சாதிக்காகவும்தான் எடுத்துப் பார்க்கிறோம். அதிகம் பேர் படிக்காத சில வரிகளும் அதில் உண்டு. மாணவர் பள்ளியை விட்டு நீங்கிய நாள், அவருடைய குணமும் நடத்தையும், சான்றிதழ் கேட்டுப் பெற்றோர் விண்ணப்பித்த நாள், சான்றிதழ் வழங்கிய நாள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் பத்தாண்டுகளுக்கு முன் நான் வாதாடிய ஒரு வழக்கு அந்த வரிகளை நம்பியே நடந்தது. சட்ட இதழ்களில் இடம்பெற்ற வழக்கல்ல அது. தீர்ப்பு என்று சொல்லத்தக்க எதுவும் அதில் எழுதப்படவில்லை. எழுதப்படாமல் போனதாலேயே அது இன்னும் என் மனத்தை விட்டுப் போகவில்லை.

நகரத்தில் அரசு உதவி பெறும் ஒரு மேல்நிலைப் பள்ளி. ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் இருவர் மதிய இடைவேளையில் அடித்துக்கொண்டார்கள். ஒருவனுக்கு உதடு கிழிந்தது, இன்னொருவனுக்குப் புருவத்துக்கு மேல் தையல் போட வேண்டியிருந்தது, வகுப்பறை ஜன்னலில் ஒரு கண்ணாடி போயிற்று. உதடு கிழிந்தவனின் அப்பா கீழமாசி வீதியில் மூட்டை தூக்குகிற லோடுமேன். அந்த வேலையைச் சொல்லிக் கேலி செய்ததில்தான் சண்டை தொடங்கியது என்று வகுப்பில் இருந்த பிள்ளைகள் சொன்னார்கள். தையல் போட்டுக்கொண்டவன் மொத்த வியாபாரக் குடும்பத்துப் பையன். பள்ளி ஆண்டு விழா அழைப்பிதழில் பெயர் அச்சாகிற குடும்பம். இருவரும் அடித்தார்கள், இருவரும் அடிபட்டார்கள். வியாபாரியின் மகன் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று நாளில் வகுப்புக்குத் திரும்பினான். லோடுமேனின் மகன் கையில் டி.சி. கொடுத்து அனுப்பப்பட்டான்.

இதை நான் "வெளியேற்றம்" என்று மனுவில் எழுதியபோது, பள்ளி தன் பதில் மனுவில் அந்தச் சொல்லையே மறுத்தது. அவர்கள் யாரையும் வெளியேற்றவில்லை. தாயார் எழுத்து மூலம் கேட்டார், கொடுத்தோம் என்றார்கள். கேட்ட கடிதத்தையும் இணைத்திருந்தார்கள். கோடு போட்ட முழுத்தாளில், அலுவலகத்தில் எழுதிப் பழகிய கையின் சீரான எழுத்தில், "குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகனை வேறு பள்ளியில் சேர்க்க விரும்புவதால்" என்று தொடங்கியது அது. அடியில் மட்டும் வேறொரு கை, ஒவ்வொரு எழுத்தாக, தாளை அழுத்திப் பெயரை எழுதியிருந்தது. அந்த அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். படிக்காமல் கையெழுத்துப் போட்டீர்களா என்று கேட்டேன். "படிச்சுப் பாத்துத்தான்யா போட்டேன். போடலைன்னா போலீசுல எழுதிக் குடுப்போம்னாங்க. பிள்ளைக்குக் கேசு ஆகிப்போகும்னு பயந்துட்டேன்" என்றார். சொன்னது உண்மை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மிரட்டி வாங்கினார்கள் என்பதை எழுத்து மூலமான வழக்கில் நிரூபிப்பது மிகக் கடினம். பேராணை மனுவில் சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யும் வழக்கமில்லை. இரு தரப்பும் சத்தியப் பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்யும். நீதிபதி காகிதங்களைக் கொண்டுதான் முடிவுக்கு வருவார். காகிதமோ பள்ளியின் பக்கம் இருந்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. ஓர் அதிகாரி தவறாகத் தண்டித்தால், அந்தத் தண்டனை உத்தரவை ரத்து செய்யுங்கள் என்று உயர் நீதிமன்றத்தைக் கேட்கலாம். எங்களிடம் ரத்து செய்யச் சொல்லி நீட்டுவதற்கு உத்தரவே கிடையாது. குற்றச்சாட்டுக் கடிதம் இல்லை, விளக்கம் கேட்ட குறிப்பு இல்லை, விசாரணைப் பதிவு இல்லை, தண்டனை என்ற சொல் எந்தத் தாளிலும் இல்லை. நம் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்குக் கொடுக்கப்படும் ஆகக் கடுமையான தண்டனை, ஏட்டில் தண்டனையாகப் பதிவாவதே இல்லை. பெற்றோரின் விருப்பமாகப் பதிவாகிறது. விருப்பத்தின் மேல் மேல்முறையீடு செய்ய முடியாது, கல்வி அலுவலரிடம் புகார் கொண்டுபோனால் அவரும் "நீங்கள்தானே கேட்டிருக்கிறீர்கள்" என்பார். கடிதம் வாங்கியவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. படித்த பெற்றோரிடமும் வசதியுள்ள பெற்றோரிடமும் இப்படி ஒரு கடிதத்தை எளிதில் வாங்கிவிட முடியாது என்பதால், ஒரே விதி இரு வீட்டுப் பிள்ளைகள் மீது இரண்டு விதமாக இறங்குகிறது.

அந்த வழக்குக்காகத் தனியார் பள்ளிகளை ஒழுங்குபடுத்தும் 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். அப்போது அதுதான் நடைமுறையில் இருந்தது. அதன் 22-ஆம் பிரிவு, ஆசிரியரையோ பள்ளியில் வேலை பார்க்கும் வேறு யாரையுமோ, தகுதியுள்ள கல்வி அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் பணி நீக்கம் செய்யக் கூடாது என்றது. தற்காலிகப் பணிநீக்கத்தைக்கூட இரண்டு மாதத்துக்கு மேல் நீட்டக் காரணம் காட்ட வேண்டியிருந்தது. நிர்வாகங்களின் மனம்போன போக்கில் ஆசிரியர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்ட காலத்துக்கு மருந்தாக வந்த பிரிவு அது. அதன் பாதுகாப்பில் வேலை காப்பாற்றப்பட்ட ஆசிரியர்களுக்காக நானே வாதாடியிருக்கிறேன். அதே பள்ளியில் வாசல் காவலரை நீக்க வேண்டுமென்றால் குற்றச்சாட்டு, விளக்கம், விசாரணை, முன் அனுமதி என்று இத்தனை படி ஏற வேண்டியிருந்தது. அந்த வாசல் வழியாக ஒரு பதினான்கு வயதுப் பையனை நிரந்தரமாக அனுப்பிவிட ஒரு முழுத்தாள் போதுமானதாக இருந்தது. இதை நீதிமன்றத்தில் சொன்னபோது எதிர்த்தரப்பு வழக்கறிஞர், மாணவர் ஊழியர் அல்லவே என்றார். சரிதான். ஊழியருக்கு அந்தப் பாதுகாப்பு எதற்காகத் தரப்பட்டதோ அந்தக் காரணம், தன் பக்கத்தைச் சொல்ல வாயும் வசதியும் இல்லாத மாணவனுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும் என்பதுதான் என் வாதம்.

தாயாரை எதைச் சொல்லிப் பயமுறுத்தினார்களோ அந்தப் போலீஸ் புகாரையே அவர்கள் உண்மையில் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். பதினெட்டு வயது நிரம்பாதவன் என்பதால் பையன் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் போயிருப்பான். குழுமம் முடிவெடுக்கும் முன் அவனுடைய வீட்டுச் சூழல், படிப்பு, சண்டையின் பின்னணி எல்லாவற்றையும் விசாரித்து அறிக்கை தரச் சொல்லியிருக்கும். பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசியிருக்கும். பெரும்பாலும் அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருக்கும். அவன் தவறு செய்தான் என்றே முடிவானாலும், அந்தப் பதிவு பின்னாளில் அவன் வேலைக்கோ படிப்புக்கோ குறுக்கே நிற்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. சட்டத்துடன் மோதிய சிறுவனுக்கு நாடு தருகிற செவியும் பொறுமையும், வகுப்புத் தோழனுடன் மோதிய சிறுவனுக்கு அவனுடைய பள்ளியில் கிடைக்கவில்லை.

இன்னொரு கேள்வி என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. ஏன் ஒன்பதாம் வகுப்பு? கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது, 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 16-ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும் வரை, அதாவது எட்டாம் வகுப்பு முடியும் வரை, எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று விலக்கு எதுவும் வைக்காமல் சொல்கிறது. 2019-ல் வந்த திருத்தம் ஒரே வகுப்பில் நிறுத்திவைப்பதற்கு வழி திறந்துவிட்டபோதும், வெளியேற்றக் கூடாது என்ற பகுதியைத் தொடவில்லை. எட்டாம் வகுப்பின் கடைசித் தேர்வு வரை சட்டம் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறது; ஒன்பதாம் வகுப்பின் வாசலில் விட்டுவிடுகிறது. அதே வாசலில்தான் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் தேர்ச்சி விகிதம் காத்திருக்கிறது. நூறு சதவீதத் தேர்ச்சி என்று பிளக்ஸ் வைக்க விரும்பும் பள்ளி, தேறமாட்டான் என்று தான் கருதுகிற பையனைப் பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் தேர்வுத் துறைக்குப் போவதற்கு முன்பே கழித்துவிட வேண்டும். என் கட்சிக்காரரின் மகன் காலாண்டுத் தேர்வில் கணக்கில் இருபதைத் தாண்டவில்லை. சண்டை போட்ட இன்னொருவன் வகுப்பில் முதல் ஐந்து பேரில் ஒருவன். இந்த இரண்டு மதிப்பெண் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான், பணத்தை மட்டும் வைத்து இந்த வழக்கைப் புரிந்துகொள்ள முடியாது என்பது எனக்கு விளங்கியது. ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரில் தேர்ச்சி விகிதம் சீர்செய்யப்பட்டிருக்கிறது.

ஒழுக்கத்தைக் காப்பது தலைமையாசிரியரின் இயல்பான அதிகாரம், அதற்கு எழுதி வைத்த விதி தேவையில்லை என்றது பதில் மனு. அதற்கு நான் 1986-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டினேன். கேரளத்தில் யெகோவா சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த பிள்ளைகள் மூவர், தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றும் வாய்விட்டுப் பாடாததால், 1985-ல் பள்ளியை விட்டு அனுப்பப்பட்டார்கள். நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய அந்தத் தீர்ப்பைப் பலரும் மத உரிமைக்காக மேற்கோள் காட்டுவார்கள். எனக்குத் தேவைப்பட்டது அதன் இன்னொரு பகுதி. சட்டத்தின் பலம் இல்லாத துறைச் சுற்றறிக்கைகளை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் அடிப்படை உரிமையைச் சுருக்க முடியாது என்று அங்கே சொல்லப்பட்டது. சுற்றறிக்கைக்கே அந்தக் கதி என்றால், எங்கும் எழுதப்படாத அதிகாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சமத்துவம் என்ற வாதத்தில் வழக்கறிஞர் வழுக்கி விழக்கூடிய இடம் ஒன்று உண்டு. இன்னொருவனைத் தண்டிக்காமல் விட்டுவிட்டார்கள், ஆகவே என்னையும் விட வேண்டும் என்று கேட்டால் நீதிமன்றம் ஏற்காது. ஒருவருக்குத் தவறாகக் கிடைத்த சலுகையை மற்றவரும் உரிமையாகக் கேட்க முடியாது என்பது நிலைபெற்ற விதி. அதனால் தாயாரிடம் முதலிலேயே, அந்தப் பையன் மீதும் நடவடிக்கை வேண்டும் என்று கேட்கப் போகிறோமா என்று கேட்டு வைத்தேன். "அவனும் சின்னப் பையன்தானய்யா. அவன வெளிய அனுப்புங்கன்னு நான் ஏன் கேக்கப்போறேன்? எம் பிள்ளைய உள்ள விடச் சொல்லுங்க, போதும்" என்றார். வாதத்தை நான் எப்படி அமைக்க வேண்டும் என்பதை அந்தப் பதில்தான் தீர்மானித்தது. ஒரே சம்பவத்தில் சம பங்குள்ள இருவருக்குத் தண்டனை தரும்போது ஒருவருக்கு இலேசாகவும் மற்றவருக்குக் கடுமையாகவும் தரக் கூடாது என்பதை, மத்தியப் பிரதேசக் காவல்துறையினர் சம்பந்தப்பட்ட வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2013-ல் தெளிவாகச் சொல்லியிருந்தது. மன்னிப்புக் கடிதம் ஒருவனுக்குப் போதுமான தண்டனை என்று பள்ளியே முடிவு செய்திருக்கிறது. அந்த அளவுகோலை அவர்கள்தான் வைத்தார்கள், அதையே இவனுக்கும் பயன்படுத்தட்டும் என்று வாதத்தை நிறுத்திக்கொண்டேன்.

பக்கத்திலேயே அரசுப் பள்ளி இருக்கிறதே, அங்கே சேரத் தடையில்லையே என்றும் எதிர்த்தரப்பில் கேட்டார்கள். அரசுப் பள்ளியில் படித்து வந்தவன் நான். அந்தக் கேள்வியில் எனக்கு வருத்தம் தந்தது, அரசுப் பள்ளியைத் தாங்கள் வேண்டாமென்று ஒதுக்கும் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுகிற இடமாகக் கருதும் நினைப்பு. பையனை அனுப்பிய அந்த உதவி பெறும் பள்ளியின் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுப்பதும் அரசுதான். மக்கள் வரிப்பணத்தில் நடக்கிற இரண்டு பள்ளிகளில் ஒன்று பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம், இன்னொன்று மிஞ்சியவர்களை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மேலும் ஆண்டின் நடுவில் டி.சி.யோடு போகிற பையனை எந்தப் பள்ளியிலும் முதலில் கேட்பது, அங்கே என்ன செய்துவிட்டு வந்தாய் என்றுதான்.

வழக்கு இரண்டு வாய்தாவுக்குப் பிறகு விசாரணைக்கு வந்தபோது நீதிபதி எல்லோருடைய வாதத்தையும் சற்று நிறுத்தச் சொல்லிவிட்டு டி.சி.யின் நகலை மட்டும் கையில் எடுத்தார். குணமும் நடத்தையும் என்ற இடத்தில் "நன்று" என்று எழுதியிருந்தது. வேறு பள்ளியில் சேர்வதற்குத் தடையாக இருக்கக் கூடாதே என்ற நல்ல எண்ணத்தில்தான் அப்படி எழுதினோம் என்றார் பள்ளியின் வழக்கறிஞர். நடத்தை நன்று என்றால் பிறகு ஏன் அனுப்பினீர்கள் என்று நீதிபதி கேட்டார். அவர்களாகவே கேட்டார்கள் என்று பதில் வந்தது. நீதிபதி மற்ற இரண்டு தேதிகளையும் வாய்விட்டுப் படித்தார். பெற்றோர் விண்ணப்பித்த நாள் ஒரு திங்கட்கிழமை. சான்றிதழ் வழங்கிய நாள் அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை. வெள்ளியன்றே டி.சி. தயாராகிவிட்டது, தாயாரை அழைத்ததும் கடிதம் வாங்கியதும் திங்களன்று. இரண்டையும் ஒரே தேதியாக மாற்றி எழுதிவிட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அந்த அலுவலக எழுத்தர் மாற்றவில்லை. கவனக்குறைவா, பொய் எழுத மனம் வராததா, நான் அறியேன். கேட்பதற்கு மூன்று நாள் முன்னதாகவே எப்படிக் கொடுத்தீர்கள் என்று நீதிபதி கேட்டதற்குப் பள்ளித் தரப்பில் யாரும் பதில் சொல்லவில்லை.

மதியத்துக்குப் பிறகு பள்ளியின் வழக்கறிஞர் எழுந்து, பையனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள நிர்வாகம் சம்மதிக்கிறது, அதைப் பதிவு செய்து மனுவை முடித்துவைக்கலாம் என்றார். பள்ளி செய்தது சரியா தவறா என்று எதுவும் சொல்லாத உத்தரவு அவர்களுக்குத் தேவைப்பட்டது. எனக்குத் தேவைப்பட்டது அதற்கு நேர் எதிரானது. இவ்வளவு தெளிவான ஆவணம் கையில் உள்ள வழக்கு எளிதில் கிடைக்காது. பெற்றோர் விருப்பம் என்று வாங்கும் கடிதத்தை எப்படி எடைபோட வேண்டும், எட்டாம் வகுப்புக்கு மேல் ஒரு மாணவனை அனுப்பும் முன் குறைந்தபட்சம் என்ன செய்ய வேண்டும் என்று உயர் நீதிமன்றம் நான்கு பத்தி எழுதியிருந்தால், தமிழ்நாட்டின் எந்த மூலையிலும் ஒரு பெற்றோர் அதைக் காட்டிக் கேட்டிருக்க முடியும். ஆனால் வழக்குத் தொடர்ந்தால் அரையாண்டுத் தேர்வு போய்விடும், மேல்முறையீடு வந்தால் ஆண்டே போய்விடும். சட்டத்துக்கு நல்லதும் பிள்ளைக்கு நல்லதும் இரண்டு திசையில் நிற்கும்போது வழக்கறிஞர் யாருடைய வக்காலத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறாரோ அவர் பக்கம்தான் நிற்க வேண்டும். தாயாரிடம் இரண்டையும் விளக்கினேன். "நாளைக்கே போகலாமாய்யா?" என்று மட்டும் கேட்டார். சம்மதம் என்று சொல்லிவிட்டேன்.

ஒன்றை மட்டும் வற்புறுத்தினேன். பள்ளிக்கு வெளியே இருந்த நாள்களை வருகைப் பதிவில் விடுப்பாகக் கணக்கிடக் கூடாது, இந்தச் சம்பவம் குறித்த குறிப்பு எதுவும் அவனுடைய பதிவேடுகளில் இடம்பெறக் கூடாது என்ற ஒரு வரியை உத்தரவில் சேர்க்கக் கேட்டேன். வருகை நாள் குறைவு என்ற காரணம் அடுத்த ஆண்டு வேறு உருவத்தில் வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும். நீதிபதி அதைச் சேர்த்தார். அந்த வரியைத் தவிர அந்த உத்தரவில் சட்டம் என்று எதுவுமில்லை.

பையன் திரும்பப் போனான். கணக்குப் பாடத்துக்கு வெளியில் டியூஷன் வைக்க வழியில்லாத வீடு. அந்தப் பள்ளியிலேயே இருந்த ஓர் ஆசிரியர் மாலையில் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தார் என்று தாயார் பின்னொரு நாள் வந்து சொன்னார். பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் தேறினான், ஐ.டி.ஐ.யில் பிட்டர் படிப்பில் சேர்ந்தான். தேறமாட்டான் என்று கழிக்கப்பட்டவன் தேறுவதற்கு மாலையில் ஒரு மணி நேரம் போதுமானதாக இருந்திருக்கிறது.

அந்தத் தலைமையாசிரியரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உத்தரவு வந்த அன்று நீதிமன்ற வராந்தாவில் அவராகவே என்னிடம் வந்து பேசினார். வகுப்பில் ஐம்பதுக்கு மேல் பிள்ளைகள், பிரம்பை எடுக்கக் கூடாது என்று 2003-லேயே விதியைத் திருத்திவிட்டார்கள், அது சரிதான், ஆனால் பிரம்புக்குப் பதிலாகப் பிள்ளையோடு உட்கார்ந்து பேச ஓர் ஆளைத் தரவில்லை, தேர்ச்சி குறைந்தால் தாளாளர் கேட்பார், தாளாளரைச் சமாளித்தால் கல்வி அலுவலகம் கேட்கும் என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. அவர் மேல் இறங்கிய பாரத்தை அவர் தன்னைவிட எளியவர் மேல் இறக்கி வைத்தார். விதி தெளிவாக இருந்திருந்தால், தாளாளரிடம் "சட்டம் இடம் கொடுக்காது சார்" என்று சொல்ல அவருக்கும் ஒரு துணை இருந்திருக்கும்.

மாற்றுச் சான்றிதழ் ஓர் ஆயுதமாகப் பயன்படுகிறது என்பதை நீதிமன்றம் பிறகு வேறொரு கோணத்தில் கவனித்தது. கட்டண பாக்கியை வசூலிக்க டி.சி.யை ஒரு கருவியாக வைத்திருக்கக் கூடாது, பாக்கி இருக்கிறது என்று அதில் எழுதவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் அமர்வு ஒன்று 2024 ஜூலையில் சொன்னது. கொடுக்க மறுக்கப்படுகிற டி.சி.க்கு அதனால் ஒரு வழி பிறந்திருக்கிறது. கேட்காமலே கொடுக்கப்படுகிற டி.சி. பற்றி அந்த வழக்கில் கேள்வி எழவில்லை.

இதற்குப் புதிய சட்டம்கூட வேண்டியதில்லை. ஓர் அரசாணை போதும். ஒன்பதாம் வகுப்பு முதல், கல்வியாண்டின் நடுவில் எந்த மாணவருக்கு டி.சி. கொடுத்தாலும், அதற்கான காரணத்தோடு மாவட்டக் கல்வி அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த அலுவலர் பெற்றோரைப் பள்ளிக்கு வெளியே, பள்ளி ஆள்கள் யாரும் இல்லாமல் சந்தித்து, உங்கள் விருப்பம்தானா என்று ஒரு முறை கேட்க வேண்டும். ஆம் என்று பெற்றோர் சொன்ன பிறகே சான்றிதழ் செல்லுபடியாக வேண்டும். துறை அதிகாரிகளிடம் இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன், பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் கூப்பிட்ட இடத்திலெல்லாம் சொல்லியிருக்கிறேன். அது வரும்வரை, பள்ளியிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது என்று போன் செய்கிற பெற்றோரிடம் நான் சொல்வது இதுதான்: எந்தத் தாளிலும் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள், மீறிப் போடத்தான் வேண்டும் என்றால், கையெழுத்துக்குக் கீழே அன்றைய தேதியையும் மணியையும், யார் எழுதிய கடிதம் என்பதையும் உங்கள் கையால் எழுதிவிட்டு, போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.